துண்டுக்காரரும் ஆட்காட்டி விரலும்

வாயால் பேசுவதை ஊதாரித்தனம் என்று நினைத்த ஒரே மனிதர், தேனி மாவட்டத்திலேயே எங்கள் துண்டுக்காரர்தான். அல்லிநகரத்தில் எனக்குப் பக்கத்து வீடு. தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் தரகர்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரல் என்றால் நாலு, கையை மொத்தமாகப் பிடித்தால் அஞ்சு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மற்ற தரகர்கள் சந்தை முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்குச் சந்தை முடிவதே இல்லை. கத்தரிக்காய் வாங்கினால் கடைக்காரர் கைமேல் துண்டு விழும். லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கைமேல் விழும்.

"டிக்கெட்டுக்கு எதுக்குய்யா துண்டு? அதான் விலை போட்டிருக்குல்ல?"

"போட்டா ஆச்சா? உன் விரல் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

அவர் மனைவி எனக்கு மதினி முறை; அவரோடு சண்டைகூடத் துண்டுக்குள்தான். விசேஷ வீடுகளில் இருவரும் கைகோத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் என்று ஊரே கண்ணு வைக்கும். உள்ளே மதினி அவர் சுண்டுவிரலைத் திருகிக்கொண்டிருப்பார். சுண்டுவிரல் என்றால் 'வாயை மூடு'. கட்டைவிரல் என்றால் 'கிளம்பு'.

அப்படி ஒரு கல்யாண வீட்டில் கட்டைவிரலைத் தேடித் துண்டுக்குள் கையை விட்ட மதினி, சட்டென்று துண்டையே உருவிவிட்டார். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, விரல்ல என்ன இது?"

வலது ஆட்காட்டி விரலின் முதுகில், நாவற்பழ நிறத்தில் ஒரு கட்டி.

"உண்ணி கடிச்சிருக்கும். வலியே இல்ல. மாட்டுக்குப் போடுற களிம்பத்தான் தடவுறேன்."

"மாட்டுக்குக் கேக்குறது உங்களுக்கும் கேக்கும்னு எவுக சொன்னாக?"

சந்தையில் எத்தனையோ பேர் அந்தக் கட்டியைத் தொட்டிருக்கிறார்கள். அரை விரல் கூடுதலாக விலை கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

மதுரை ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவைக் கேட்க நானும் கூடப் போனேன். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

"தொடுறத உணர்ந்து நரம்புக்குச் சொல்ற செல்லு நம்ம தோல்ல இருக்கு. விரல் நுனியில நிறைய. மெர்க்கல் செல்லுன்னு பேரு. இது அந்தச் செல்லு மாதிரியே இருக்கிற புற்றுநோய். ரொம்ப அபூர்வம். வலிக்காது, ஆனா வேகமாப் பரவும்."

துண்டுக்காரர் விரலையே பார்த்தார். "எனக்குச் சோறு போட்ட பயலுகளா கட்சி மாறிட்டானுக?"

விரலை அடியோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"அந்த விரல் போனா சந்தையில நான் ஊமை, தாயி."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் மனிதர் உடனே துண்டை எடுத்துவிட்டார். அந்நியப் பெண் கையைத் தொடக் கூச்சம், அதனால் நடுவில் மதினி. இவர் மதினி கையைப் பிடிக்க, மதினி டாக்டர் கையைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே துண்டு.

"பாதி விரலோட நிறுத்தச் சொல்றாக," என்றார் மதினி டாக்டரிடம். டாக்டர் சிரித்துக்கொண்டே மதினியின் விரல் அடியில் அழுத்தினார். மதினி அதை அப்படியே அந்தப் பக்கம் கடத்தினார்.

"ஒரு கணுவாவது விடச் சொல்றாக." மறுபடியும் அடியிலேதான் அழுத்தல்.

அதற்குமேல் மதினி டாக்டரிடம் கேட்கவில்லை. தானாகவே கணவர் கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன, நீ மொத்தமும் கேக்குற?"

"ஆமா. எனக்கு ஆளு மொத்தமும் வேணும். விரலக் குடுத்துட்டு வாங்க."

"சரி, முடிஞ்சது," என்றார் துண்டுக்காரர்.

விரலை எடுத்தார்கள். அக்குளில் நெறிக்கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். கதிர்வீச்சும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து உடம்பு தேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, சந்தை என்றைக்கு என்பதுதான். துணைக்கு நான் போனேன். மயிலாடும்பாறைத் தரகர் ஒருவர் இவர் கையைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"நாலு விரல வச்சு அஞ்ச எப்படிண்ணே சொல்லுவீக?"

துண்டு விழுந்தது. "ஏலே, மொத்தமும் பிடிச்சா அஞ்சு. அன்னைக்கும் அஞ்சு, இன்னைக்கும் அஞ்சு."

"அப்ப நாலுக்கு?"

"நாலுக்கெல்லாம் இனிமே நான் மாடு விக்கிறதில்ல."

பழக்க தோஷத்தில் அந்த ஆள் நாலு விரலைப் பிடித்துவிட்டார். இவர் கையில் அதுதான் மொத்தமும். நாலு கொடுக்க வந்தவர், சுற்றி நின்ற கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே அஞ்சு கொடுத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு விசிலடிக்க வராது, இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

போன வாரம் மதுரையில் மறுபடியும் ஸ்கேன். சாயங்காலம் துண்டுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே வந்த மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கனயும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக, தம்பி," என்றார். துண்டுக்காரர் என் கைமேல் துண்டைப் போட்டார். நானும் உள்ளே அவர் கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அஞ்சு இருந்தது.