மைனஸ் பன்னிரண்டு பலகைகள்

எண்களைக் கைகட்டி நிற்கவைக்கும் என் தங்கை மகளுக்கு,

மேசை நாற்காலிப் பட்டறையின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்றால், எங்களைவிட நலம்.

நூலகத்தார் திங்கட்கிழமைக்குள் மேசையோ நாற்காலியோ எத்தனை செய்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள் அல்லவா? இதிலும் சொதப்பினால் பட்டறைச் சாவியைத் தன் தம்பியிடம் கொடுத்துவிடுவதாக உன் அத்தை அறிவித்துவிட்டாள். அந்தத் தம்பி, அதாவது என் மச்சான், அன்றே சாவிக்கொத்துக்கு ஒரு சங்கிலி வாங்கிவிட்டான். அப்போதுதான், இருக்கும் சரக்கில் எதை எத்தனை செய்தால் அதிக லாபம் என்று கண்டுபிடிக்க நீ போனில் சொல்லிக்கொடுத்த சிம்ப்ளெக்ஸ் கணக்கைக் கையில் எடுத்தேன். உலகம் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

கைவசம் நாற்பது பலகை. மேசைக்கு நாலு, நாற்காலிக்கு ரெண்டு. வார்னிஷ் காயும் அறையில் பதின்மூன்று மேசைதான் நிற்கும். நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளிவிடலாம். லாபத்தில் ஒரு மேசை மூன்று நாற்காலிக்குச் சமம் என்பதால், நீ சொன்னபடி மேசையைத்தான் முதலில் கணக்குக்குள் அழைத்தேன். அடுத்து வகுக்கச் சொன்னாய், வகுத்தேன். நாற்பதை நாலால் வகுத்ததில் பலகை வரிசையில் பத்து வந்தது, அறை வரிசையில் பதின்மூன்று வந்தது. இரண்டில் சின்னதை எடு என்கிறது உன் விதி. நான் யார், என் பரம்பரை என்ன? பெரியது கண்ணெதிரே நிற்கும்போது சின்னதை எடுக்க என் கை மறுத்துவிட்டது. பதின்மூன்றை எடுத்தேன். கட்டங்களை அழித்து எழுதியதில் மேசை பதின்மூன்று என்று ஜம்மென்று வந்தது. கீழே ஓர் ஓரமாக, மிச்சப் பலகை மைனஸ் பன்னிரண்டு என்று ஒரு சிறு குறிப்பும் வந்தது.

மைனஸ் என்றால் என்ன? எங்கேயோ இருப்பதை இங்கே கொண்டுவா என்று கணக்கே கெஞ்சுகிறது. வீட்டில் ஆறு நாற்காலிகள் இருந்தன. ஆறு இரண்டு பன்னிரண்டு. நான் அதை நினைத்தேனா, கணக்கு என்னை நினைக்கவைத்ததா, தெரியாது. கைவசப் பலகையெல்லாம் மேசையாகி முடிந்த அன்று, உன் அத்தை கடைக்குப் போய்வருவதற்குள் நாற்காலிகளைப் பிரித்துவிட்டேன். எங்கள் தலைமைத் தச்சர், "மொதலாளி, இது நீங்க உக்காந்து சாப்பிடுற நாற்காலி" என்றார். விஞ்ஞானத்தில் தலையிடாதீர்கள் என்றேன். தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பலகைகளை ஒட்டினார்.

பதின்மூன்று மேசைகளும் யானைக் கூட்டம்போல அறையை நிறைத்தன. பை கனக்கத் திரும்பி வந்த உன் அத்தை, வழக்கமான இடத்தில் வழக்கம்போல உட்காரப் போனாள். மேற்கொண்டு எழுத மனமில்லை. ஆனால் அவள் தரையில் இருந்தபடியே சொன்னதை எழுதியாக வேண்டும்: "என் நாற்காலி திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது. சாவியை எடுத்து வைங்க."

நான் அசையவில்லை. நின்றபடியே பழம் தின்று, நின்றபடியே இதை எழுதுகிறேன். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். பெரிய எண்ணை எடுப்பதே சரியான விதி என்று, கல்லூரி முத்திரை மாதிரி ஏதாவது ஒன்றைக் குத்தி, உன் அத்தைக்கு உடனே ஒரு கடிதம் போடு. என் சாவி உன் பேனாவில் இருக்கிறது.

உன் மதிப்பெண்களும் உன் தலைமுடியும் ஒருசேர நீள வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: கடிதம் போடாதே. உறையை ஒட்டுமுன் மச்சான் ரம்பத்தோடு வந்துவிட்டான். மூன்று மேசைகளைப் பிரித்தோம். பன்னிரண்டு பலகை கிடைத்தது. உன் அத்தைக்கு ஆறு நாற்காலியும் ஆயின. மிச்ச மேசைகளை மச்சான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "பத்து, மாமா. அந்தப் புள்ள சொன்ன சின்ன நம்பர் எவ்வளவு?" என்றான். அடுப்பு எரிகிறது. சாவி சங்கிலியில் இருக்கிறது. என்னிடம் இப்போது உள்ள சாவிகள் பூஜ்யம். அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சொன்னாயே, அதையாவது அத்தைக்கு எழுதிப் போடு.