மாடி அறைச் சாவியை அனுப்பி வைக்கவும்

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. மாடியில் வைத்த தொட்டிகள் முப்பத்தொன்று, உயிரோடு இருப்பவை இருபத்தாறு.

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் தெம்பாகத்தான் இருப்பாய், நேற்று போனில் மூச்சு விடாமல் திட்டினாயே. "வாயால கத்தாதே, எழுதி அனுப்பு, படிச்சிட்டு முடிவு சொல்றேன்" என்றாய். இதோ எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும்போது நீ சொன்னது: "விதை போடறதுல இருந்து காய் பறிக்கிற வரைக்கும் ஒரு பருவம் தோட்டத்தைத் தனியா காப்பாத்திக் காட்டு, மாடி அறையை ஒர்க்‌ஷாப்பா வெச்சுக்கோ. இல்லேன்னா வாடகைக்கு விட்டுடுவேன்." காப்பாற்றிவிட்டேன். தக்காளி காய்த்திருக்கிறது. சாவியை அனுப்பு.

நடந்த எதையும் மறைக்கவில்லை. முதலில் போட்ட கீரை விதையை எறும்புகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. நான் ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் விதைத்திருந்ததால் அவற்றுக்குத் தேடுகிற வேலைகூட இல்லை, ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனையில் முடித்தன. அடுத்து தக்காளி முளைத்தது, ஆனால் முளைத்த இரண்டு இலையும் பாக்கெட்டில் இருந்த படம் மாதிரி இல்லை, களைதான் என்று ஒரு நாற்றுத் தட்டு முழுக்கப் பிடுங்கிப் போட்டேன், முதல் ரெண்டு இலை வேற மாதிரிதான் இருக்கும்னு பாக்கெட்டுல ஒரு வரி போட்டா விதைக் கம்பெனிக்காரனுக்கு என்ன கேடு, நல்லவேளை பாதியில் இடுப்பு வலித்து இன்னொரு தட்டை விட்டுவைத்தேன், இன்றைக்குக் காய்த்து நிற்பது அதுதான்.

தண்ணீரை மட்டும் மனிதர் கையில் விடவில்லை. மண்ணின் ஈரம் பார்க்க ஒரு சென்சார், ஒரு சின்ன பம்ப், தொட்டிக்குத் தொட்டி குழாய். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மண் காய்ந்திருந்தால் பம்ப் ஓடும். ஈரமாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், பம்ப் ஓடாது. சென்சாரை டம்ளர் தண்ணீரில் விட்டுச் சோதித்தேன். பம்ப் புதுசு, அதையும் சோதிப்பது நேர விரயம். பருவம் முழுக்கப் பச்சை விளக்கு அணையவே இல்லை, பம்ப் ஒரு தடவைகூட ஓட வேண்டி வரவில்லை. நான் கலந்த மண் அப்படி ஈரம் பிடிக்கிறது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

புகார்கள் உனக்கும் வந்திருக்கும். கீழ்வீட்டு அம்மா தினமும் காலையில் கொடியில் போடும் துணி மேல் நம் மாடித் தண்ணீர் சொட்டுகிறதாம். "எங்க மிஷின் சாயங்காலம்தாங்க வேலை செய்யும், காலைல சொட்ட வாய்ப்பே இல்லை" என்று படம் போட்டு விளக்கினேன். "படம் நல்லா இருக்கு தம்பி, என் புடவை ஏன் நனைஞ்சிருக்கு?" என்றார். இவர்களிடம் என்ன பேசுவது.

நர்சரி அம்மாவிடம், "பார்த்துக்கவே வேண்டாம், ஆனா சாகக் கூடாது, அப்படி ஒரு செடி கொடுங்க" என்றேன். "செடி கேக்கறீங்களா, மிக்சி கேக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு ஒரு காகிதப்பூச் செடி கொடுத்தார். தண்ணீர் குறைந்தால்தான் பூக்குமாம். இலையாகத் தள்ளுகிறதே தவிர ஒரு பூ கிடையாது. ஏமாற்றிவிட்டார், போய்ச் சண்டை போட்டேன்.

இதற்கு நடுவில் மாமா. உன் வீட்டுக்காரரைச் சொல்கிறேன் என்று கோபப்படாதே. தினமும் விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்குப் போய்விடுகிறார். கேட்டால் பல் தேய்க்கவாம். "பல் தேய்க்க எதுக்கு மாமா ஒரு வாளி?" என்றேன். "எனக்கு வாய் பெரிசுப்பா" என்றார். மூன்று நாளாக ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருக்கிறார், மாடி நிம்மதியாக இருக்கிறது. செடிகள் மட்டும் இன்று கொஞ்சம் தலை தொங்கி நிற்கின்றன. வெயில்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்க வேண்டுமாம். பார்த்துக்கொள். சாவியைக் கூரியரில் அனுப்பு.

அன்புத் தம்பி

பி.கு.: சாயங்காலம் ஏழு பத்து. நல்லவேளை, இதை இன்னும் தபாலில் போடவில்லை. ஏழு மணிக்குப் பச்சை விளக்கு அணைந்து, முதல் முறையாக பம்ப் ஓடியது. சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. கழற்றிப் பார்த்தால், கடையில் வாங்கியபோது பம்பின் வாயில் இருந்த ரப்பர் மூடி அப்படியே இருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்தில் மாமாவின் வாளி இருந்தது.

போன் போட்டேன். "ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னா நீ படம் போட்டு விளக்குவே."

"நீங்க எதுக்கு ஊத்தினீங்க?"

"உனக்கு அந்த ரூம் கிடைச்சாத்தான்டா எனக்குச் சாப்பாட்டு மேஜை கிடைக்கும். உன் ஒயரும் ஸ்குரூவும் மேஜை பூரா கிடக்கு, நான் மடியில தட்டை வெச்சு சாப்பிடறேன்."

கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான். ஆனால் நீ வைத்த நிபந்தனை 'தனியா'. நான் தனியாகக் காப்பாற்றவில்லை. ஆகவே சாவியை அனுப்ப வேண்டாம். இனிச் செய்யப்போவது:

1. இப்போதே இருபத்தாறு தொட்டிக்கும் கையால் தண்ணீர் ஊற்றுவேன். காகிதப்பூவுக்கு மட்டும் கிடையாது.
2. கீழ்வீட்டிலும் நர்சரியிலும் மன்னிப்புக் கேட்பேன். படம் போட மாட்டேன்.
3. மாமா திரும்புவதற்குள் மேஜையைக் காலி செய்வேன். அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
4. பம்ப் மூடியைக் கழற்றி, சோதித்து, அடுத்த பருவத்துக்கு மறுபடி விதைப்பேன்.
5. அதுவரை தினமும் விடிந்ததும் வாளியோடு மாடிக்குப் போவேன். யாராவது கேட்டால் பல் தேய்க்க என்பேன்.