ஏழடி நிலவறை

"உயரம் ரெண்டு அங்குலம் குறையுது" என்று அளவு டேப்பைச் சட்டென்று சுருளவிட்டாள் கட்டட ஆய்வாளர் ஹாஸ்கெல்.

கிளாரன்ஸ் நெஞ்சை நிமிர்த்தினான். எவ்வளவு நிமிர்த்தினாலும் அவன் ஐந்தரை அடிதான். தலைக்கு மேல் காற்று தாராளமாக உலாவிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் இங்க ஒட்டகச்சிவிங்கியா வளர்க்கப் போறேன்? பீர் குடிச்சிட்டு ஃபுட்பால் பாக்கப் போறேன். அதுவும் உக்காந்துக்கிட்டு."

"மனுஷங்க புழங்கற அறைன்னா ஏழடி வேணும், சார். நீங்க உக்காருவீங்களா நிப்பீங்களான்னு சட்டம் கேக்காது."

அவள் போனதும் கிளாரன்ஸ் மில்வாக்கி நகராட்சியை மொத்தமாகத் திட்டித் தீர்த்தான். அந்தத் தெருவில் யாரையும் கேட்காமல் நிலவறையை அறையாக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவன் மனைவி ஜெனெட்தான் முறைப்படி அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஆள் வெச்சு செய்யலாமே, கிளாரன்ஸ்."

"உனக்கென்ன தெரியும்? இதெல்லாம் எனக்கு ஜுஜுபி."

முப்பது வருஷம் மெத்தை விற்றவனுக்குக் கட்டடக்கலை தெரியாமலா இருக்கும்?

முதலில் நிலவறைக் கூரையில் அடித்திருந்த பலகைகளைப் பிடுங்கினான். ஓர் அங்குலம் கிடைத்தது. கூடவே வெப்பக் காற்றுக் குழாய் அறையின் குறுக்கே தொங்குவது தெரிந்தது. அதை அறுத்து வேறு பக்கம் திருப்பினான். அந்த ஜனவரியில் வீட்டின் வெப்பம் முழுவதும் குளியலறைக்குப் போய்விட்டது. படுக்கையறையில் இருவரும் தொப்பியோடும் கையுறையோடும் படுத்தார்கள்.

"குளிருதா?" என்றான்.

"பரவாயில்ல. நீ வேலையை விட்டுடாத" என்றாள் ஜெனெட், பல் கிடுகிடுக்க.

இப்படி ஒரு பெண்டாட்டி எவனுக்குக் கிடைப்பாள் என்று கிளாரன்ஸ் உருகினான்.

மிச்சமிருந்த ஓர் அங்குலத்துக்காகத் தரையை உடைத்தான். கான்கிரீட்டுக்கு அடியில் தண்ணீர் அவனுக்காகவே காத்திருந்ததுபோல் பொங்கி வந்தது. மச்சான் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "மீன் விடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். இறைப்பதற்கு மோட்டார் வைத்தார்கள். அது சுற்ற ஆரம்பித்ததும் வீட்டு மின்சாரம் போயிற்று. குளிர்பெட்டியில் இருந்த சாசேஜ் அத்தனையும் நாறியது.

கடைசியில் தண்ணீரும் வற்றியது, தரையும் தாழ்ந்தது. கிளாரன்ஸ் வெற்றி வீரன்போலக் கீழே இறங்கி, கடைசிப் படியில் குப்புற விழுந்தான். தரை இறங்கிவிட்டதே, படி இறங்கவில்லையே!

ஒரு படி சேர்த்தான். கீழே சுவர் தடுத்ததால் படிக்கட்டையே பின்னால் தள்ள வேண்டியதாயிற்று. இப்போது படியில் இறங்கும்போது ஐந்தரை அடிக்காரனுக்கே மேல்தளத்தில் தலை இடித்தது. உடனே மேலே சமையலறைத் தரையை வெட்டித் திறந்தான். அடுப்பு நின்ற இடம் பள்ளமானது.

பாத்திரங்களை ஹாலில் அடுக்கிக்கொண்டே ஜெனெட் கேட்டாள்: "வெளிய ஏறி வர்ற மாதிரி ஒரு பெரிய ஜன்னலும் வெச்சிடேன். தூங்கற அறைன்னா அது கட்டாயமாம்."

"தூங்கறதா? நான் எதுக்குடி அங்க தூங்கறேன்?"

"மேட்ச் பாத்துட்டே அசந்துட்டா?"

"அதுவும் சரிதான்" என்று சுவரை உடைத்தான்.

வசந்தம் வந்தது. ஹாஸ்கெலும் வந்தாள். அளந்தாள், குனிந்து பார்த்தாள், ஜன்னல் வழியாக ஒரு தரம் வெளியே ஏறிக்கூடப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

கிளாரன்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா, மேடம்? உங்க சட்டமெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? யாரும் ஒத்தாசை பண்ணல. என் பொண்டாட்டி ஒருத்திதான் பின்னால நின்னா. ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாளா? எனக்குன்னு ஒரு இடம் வேணும்னு அவளுக்கு அவ்வளவு ஆசை!"

"தெரியும் சார்" என்று ஹாஸ்கெல் பேனாவை மூடினாள். "விவாகரத்து ஆனப்புறம் புருஷனைச் சட்டப்படி பேஸ்மென்ட்ல குடிவைக்கலாமான்னு வக்கீலையும் கூட்டிட்டு வந்து முதல்லயே கேட்டுட்டுத்தானே போனாங்க!"