புண்ணுக்குத் தேதி குறிப்பவர்

கல்யாணத்துக்குத் தேதி குறிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மழைக்குத் தேதி குறித்துவிட்டு மறுநாள் வானொலியில் அசடு வழிபவர்களையும் கேட்டிருப்பீர்கள். ஆறாத கால்புண்ணுக்குத் தேதி குறிக்கும் இனமும் ஒன்று உண்டு. பின்லாந்தில், எங்கள் ஏரிக்கரை ஊர்ச் சுகாதார நிலையத்தில் அது செழித்து வளர்கிறது. இதை எழுதுகிறவனும் அந்த இனத்தில் ஒரு கடைநிலை உறுப்பினன்தான். ஆகவே கேலியில் பாதியை என் தலையில் கட்டிவிடுங்கள்.

எங்கள் தலைவர் டாக்டர் அஹ்தி கெம்பைனென். மாதக்கணக்காய் ஆறாத புண்ணோடு ஒருவர் வந்து காலை நீட்டினால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகித அளவுகோலை வைத்துப் பார்த்து, தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்துவிட்டு, ஏரிக்கு அப்பால் யாரோ எழுதி வைத்திருப்பதைப் படிப்பவர்போல ஜன்னலையே வெறித்து, "ம்ம்... முதல் பனி விழறதுக்குள்ள மூடிடும்" என்பார். உண்மையில் அவருக்கு வேண்டியது இரண்டே விவரம்: புண் எவ்வளவு பெரிசு, எவ்வளவு பழசு? சின்னதும் புதிசும் சீக்கிரம் ஆறும். பெரிசும் பழசும் ஆளைப் படுத்தும். இதற்கு ஜன்னல் எதற்கு? ஆனால் ஜன்னலைப் பார்க்காத டாக்டரை யார் மதிக்கிறார்கள்?

அவர் சொன்னது தப்பியதே இல்லை. ஆறினால், "நான்தான் சொன்னேனே!" ஆறாவிட்டால், "கால்ல ரத்தம் தேங்காம இருக்க இறுக்கமான காலுறை போடச் சொன்னேன், போட்டீங்களா? நான்தான் சொன்னேனே!"

மரலாரி ஓட்டி ஓய்வுபெற்ற தாய்ஸ்தோவின் புண்ணோ பெரிசு, பழசு. ஜன்னலைப் பார்த்த டாக்டர், "தாய்ஸ்தோ, இது ஆறாது. இதோடயே வாழப் பழகிக்குங்க" என்றார். தாய்ஸ்தோ கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷப் பனிக்காலத்தில்தான் டாக்டர் தம் இடது கணுக்காலை, கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் விளிம்பில் இடித்துக்கொண்டார். சின்னப் புண். தமக்குத் தாமே, "வசந்தத்துக்குள் ஆறிவிடும்" என்று தேதி குறித்தார். வசந்தம் வந்தது, புண் போகவில்லை. காலுறையா? அது நோயாளிகளுக்கு! மேலும் அது அரிக்குமே. புண் மெல்லப் பரவியது. டாக்டருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்ததால் யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் ஊரில் கம்பளிச் சாக்ஸுக்குள் எதையும் மறைக்கலாம். கல்லைக் காய்ச்சி வேர்த்துக் குளிக்கும் சவுனாவில்தான் முடியாது. அங்கே ஒருவர் உடம்பிலும் ஒட்டுத்துணி இருக்காது. ஆகவே சவுனா நாளான சனிக்கிழமை தவறாமல் டாக்டருக்குச் சளி பிடித்தது.

நடுக்கோடைத் திருநாளன்று, டாக்டரின் கோடைக்குடிலுக்குப் பக்கத்துக் குடில்காரரான தாய்ஸ்தோவே வந்து கதவைத் தட்டினார். "சவுனா சூடாயிடுச்சு. வாங்க டாக்டர்." அன்றைக்கு மறுப்பது, போட்ட இலையிலிருந்து எழுந்து போவதற்குச் சமம். போனார், கணுக்கால்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு.

தாய்ஸ்தோ தம் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார். வழவழவென்று மூடியிருந்தது.

"எப்படிய்யா ஆறிச்சு?"

"ஆறாதுன்னு சொன்னீங்கல்ல? அந்த வயித்தெரிச்சல்ல, முன்னாடி நீங்க எழுதிக்குடுத்த காலுறையக் கழட்டவே இல்ல. உங்களப் பொய்யாக்கணும்னு ஒரே வெறி." கல்மேல் தண்ணீரை ஊற்றினார். "ஆமா, அந்தக் கணுக்காலுக்கு மட்டும் குளிருதா?"

டாக்டர் துண்டை எடுத்தார். தாய்ஸ்தோ தலையைச் சாய்த்தார். மூச்சை இழுத்தார். சவுனாவின் சின்ன ஜன்னலை வெகுநேரம் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்து?"

"பனிக்காலத்திலேர்ந்து."

"காலுறை?"

டாக்டர் துண்டை எடுத்துத் திரும்பவும் கணுக்கால்மேல் போட்டுக்கொண்டார்.

"ஆறாது டாக்டர். புண்ணுல கோளாறு இல்ல. ஆளுதான் சரியில்ல."

மறுநாள் காலையில் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காலுறையை இழுத்து மாட்டினார். அந்த லாரிக்காரனைப் பொய்யனாக்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டே ஏரிக்கரையில் நடந்தார்.

பிறகு ஆறியதா என்கிறீர்களா? "இவ்வளவு வீம்பு இருந்தால் ஆறாமல் போகுமா" என்று இதற்குள் சொல்லியிருப்பீர்கள். அல்லது, "டாக்டராவது, காலுறை போடுவதாவது! ஒரு வாரம் தாங்காது" என்று. புண்ணைப் பார்க்கவில்லை, அளக்கவில்லை, அதற்குள் தீர்ப்பு! வாருங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். தேதி குறிக்கிற எங்கள் பெஞ்சில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.