மௌனம் என்றொரு பாத்தி

செப்டம்பர் 12, வியாழன். இன்று ஒரு சிறு பிழை. களை என்று நினைத்து நான் பிடுங்கியது களை அல்ல.

இப்படி எழுதிய ஹெஸ்டர், 'சிறு' என்ற சொல்லை அடித்துவிட்டாள். பிறகு அடித்தது சரிதானா என்று யோசித்தாள்.

இயற்கையை அதன் போக்கில் விடும் கலையில் ஹார்வென் நகரப் பூங்காவை மிஞ்ச உலகில் வேறு பூங்கா இல்லை. அங்கே எதுவும் தானாக வளர்வதில்லை. இடுப்புயரப் புல், காய்ந்த பூந்தலை, சாய்ந்த தண்டு என எல்லாத் தாறுமாறும் வரைபடத்தில் இருக்கிறது. காற்றில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கும் ஒரு குழு உண்டு.

அங்கே மூன்று மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்தவள் ஹெஸ்டர். பகலில் தோட்டம், மாலையில் தோட்டக்கலை வகுப்பு. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் நாளும் அந்த வியாழன்தான். ஆகவே விடியற்காலையிலேயே வந்து, இரண்டு சாப்பாட்டு மேசை அகலத்துக்குப் பாத்தியைச் சுத்தமாகத் துடைத்து வைத்தாள்.

தலைமைத் தோட்டக்காரர் மென்னோ சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"ஏம்மா, இது என்ன?"

"களை எடுத்தேன்."

"களையா? போன வருஷம் இதைப் பாக்க ஜப்பான்லேர்ந்து ஆளு வந்தாங்கம்மா!"

"வேலியோரத்துல இதே புல்லைத்தானே நேத்து பிடுங்கச் சொன்னீங்க?"

"அது களை. இது புல்வெளி."

"என்ன வித்தியாசம் மென்னோ?"

"இதுக்குப் பெயர்ப்பலகை இருக்கு, தாயே!"

பலகையைத் தேடினார்கள். அது தள்ளுவண்டியில், களையோடு கிடந்தது.

அதற்குள் பூங்கா இயக்குநர் டைக்கெமா மேடம் முப்பது பார்வையாளர்களோடு வந்துவிட்டார். முன்னால் நகர்மன்ற உறுப்பினர். வழுக்கை விழுந்த மண்ணைப் பார்த்து மேடம் இரண்டு நொடி மூச்சை நிறுத்தினார். ஹெஸ்டர் மனதுக்குள் தன் சாமான்களை மூட்டை கட்டிவிட்டாள்.

"இதுதான்," என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி, "எங்களோட 'மௌனம்'."

கூட்டம் அடங்கியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாக் கைபேசிகளும் மண்ணை நோக்கித் தாழ்ந்தன.

"எங்க வீட்டுப் பின்னாடியும் ஒரு மௌனம் இருக்கு," என்றார் மழைக்கோட்டுப் பெரியவர் ஒருவர். "நாய் தோண்டினது."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று அவர் மகள் முழங்கையால் இடித்தாள்.

"யாரோட கைவண்ணம்?" என்றார் உறுப்பினர்.

மென்னோ ஹெஸ்டரை முன்னால் தள்ளினார். முழுப் பழியும் அவளுக்கே சேரட்டும் என்ற பெருந்தன்மை.

"எந்த இடத்துல நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முழங்கால் வலிச்ச இடத்துல நிறுத்திட்டேன்."

"ஆகா! உடம்பையே அளவுகோலாக்கிட்டாங்க!"

உறுப்பினர் அங்கேயே நின்று, அடுத்த வருடம் ஊருக்குள் இன்னும் நான்கு மௌனங்கள் வேண்டும் என்றார். காப்பி வருவதற்குள் ஹெஸ்டர் நிரந்தரமானாள். எப்போதும் காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட் தரும் டைக்கெமா மேடம், அன்று டப்பாவை மூடாமலே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் முழுக்க மழை. மௌனத்தைப் பார்க்கக் குடையோடு வரிசை நின்றது. ஞாயிறு விடுமுறை கழிந்து, திங்கள் மாலை ஹெஸ்டர் குனிந்து பார்த்தபோது, மண்ணில் மிச்சமிருந்த வேரிலிருந்து பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தன. அதே புல்! அவள் செய்த பிழையை மண்ணே திருத்திக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சேற்றுக் காலோடு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"மேடம்! அந்தப் புல்லு தானாவே திரும்ப வந்துடுச்சு!"

டைக்கெமா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரைக் கேட்டு?"

அன்றிரவு வகுப்பு முடிந்து வந்து ஹெஸ்டர் எழுதினாள்:

நாளைய வேலை: இயற்கைப் பூங்காவில் தானாக முளைத்ததைப் பிடுங்குவது.