லாரியில் ஏறிய பாஸ்

"டேய், என் பெயர்ச்சொல் ரெண்டையும் லாரியில ஏத்திட்டியா?" என்று அலறினான் ஆர்ச்சி.

லாரிக்கார டெஸ் கதவுக்குக் கொக்கி மாட்டினான். "சிவப்புன்னா கசாப்புக்கு. இந்தப் பண்ணையில எல்லாமே சாயம்தான், காகிதமே கிடையாது. எனக்கென்ன தெரியும்?"

முப்பது வருஷமாகக் கம்பளிக் கொட்டகையில் எடுபிடி ஆர்ச்சி. மறுநாள் குவீன்ஸ்லாந்து அரசு நூலகத்தில் அவனுக்கு ஆங்கிலப் பரீட்சை. "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச மேஸ்திரிதான் வேணும். தேறினா வேலை உனக்கு" என்றிருந்தார் முதலாளி நெவில்.

காகிதத்தில் பார்த்தால் பெயர் எது, வினை எது என்று மண்டையில் ஏறவில்லை. அதனால் அப்போதுதான் ரோமம் கத்தரித்த ஆடுகளின் விலாவில், ஆட்டுக்கு ஒரு சொல்லாக எழுதினான். பெயருக்குச் சிவப்பு, வினைக்கு நீலம், அடைமொழிக்குப் பச்சை. வாக்கியம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நூலகத்தில் பாடம் நடத்தும் டீச்சர் உத்தரவு: 'தி ஓல்ட் டாக் பிட் தி ஃபேட் பாஸ்.' கிழ நாய் கொழுத்த முதலாளியைக் கடித்தது. 'தி'க்கு என்ன நிறமென்று தெரியாததால் அந்த இரண்டு ஆடுகளையும் மேய விட்டுவிட்டான்.

"பாஸை முதல்ல இறக்குடா! அவர் பார்த்தா என் வேலை போச்சு!"

அவனே கொக்கியைக் கழற்றினான். அறுபது ஆடும் திமுதிமுவென்று இறங்கின. ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு துரத்தினான். 'டாக்' அழிந்தது. சாயம் சாக்கிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஒட்டி, பட்டியே சிவந்தது.

"அப்ப மொத்தமும் கசாப்புக்கா?" என்றான் டெஸ்.

"என்னடா கூத்து இது?"

நெவில்! அவர் மூக்குக்கு நேரே 'ஃபேட்'டும் 'பாஸ்'ஸும் தோளோடு தோள் உரசி நின்றன, ஒரு எழுத்தும் அழியாமல்.

"என்ன எழுதியிருக்க?"

தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று ஆர்ச்சிக்கு வியர்த்தது. "நீங்கதான் பார்க்கறீங்களே, பாஸ்..."

"உன்னைத்தான் கேக்கறேன். படி."

"ஃபேட்..." கண் 'பாஸ்'மேல் விழுந்தது. "ஷீப். கொழுத்த ஆடு, பாஸ்."

நெவில் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்க. பரீட்சையெல்லாம் எதுக்கு? நாளையிலிருந்து நீதான் மேஸ்திரி."

அவர் கொட்டகைக்குள் போனதும் ஆர்ச்சி வேலியைப் பிடித்துக்கொண்டான். "கண்ணாடி போட மறந்துட்டாரோ?"

டெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவருக்கே படிக்கத் தெரிஞ்சா, படிக்கத் தெரிஞ்ச மேஸ்திரியை எதுக்குடா தேடறாரு?"