தோர்ன்பெக் கோட்டையில் நெவில் அகப்பட்ட கதை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் நெவில் கிராப்ட்ரீ தேநீர் இடைவேளைகளில் தவணை தவணையாகச் சொன்னது. நெவில் பொய் சொல்கிறவர் அல்ல. கையில் பிஸ்கட் இருந்தால் மட்டும் கொஞ்சம் பெரிதாக்குவார். எனவே எனக்குச் சந்தேகம் வந்த இடங்களில் 'என்றார் நெவில்' என்று போட்டிருக்கிறேன்.

நெவிலுக்கு வாழ்க்கையில் பிடிப்பு இரண்டு. ஒன்று, மனைவி லோர்னா. மற்றது, எங்கள் ஊர்க் கால்பந்து அணி மொட்டர்ஷா டவுன். அவர் சொன்ன வரிசை இதுதான். அப்போது தொலைபேசியில் மறுமுனையில் லோர்னா இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மொட்டர்ஷா டவுன் எதையும் ஜெயித்ததில்லை. நெவிலின் அப்பா காலத்திலும் தோற்றது. ஆனால் அப்போதெல்லாம் கௌரவமாகத் தோற்றது என்றார் நெவில். இந்த வருடம் என்ன ஆயிற்றோ, சிறிய அணிகளுக்கான கோப்பையில் ஒவ்வொரு சுற்றாகத் தப்பித்துத் தப்பித்து இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. ஊரே நம்பவில்லை. அணியின் கோல்கீப்பரே அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாராம். போட்டி தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. சனிக்கிழமை, மதியம் மூன்று மணி.

அந்தச் சனிக்கிழமைதான் லோர்னாவின் பிறந்தநாள்.

லோர்னாவின் பிறந்தநாள் என்றால் கோட்டை. கேக் இல்லாமல்கூட இருந்துவிடுவார், கோட்டை இல்லாமல் இருக்க மாட்டார். வருடத்துக்கொரு கோட்டை. நெவிலும் கூடவே போவார். ஆனால் கார் நிறுத்துமிடத்தோடு சரி. பாதி இங்கிலாந்தின் கோட்டைகளை அவர் கார் கண்ணாடி வழியாகத்தான் முற்றுகையிட்டிருக்கிறார். மடியில் முட்டை சாண்ட்விச், கையில் ஃபிளாஸ்க் தேநீர், வெளியே மழை. லோர்னா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டு வருவார். இருவருக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"இந்த வருஷம் கோட்டை வேண்டாம்" என்று சொல்ல நெவிலுக்குத் தைரியம் வரவில்லை. "சாயங்காலம் போகலாமா" என்று கேட்கவும் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை, மேட்ச் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை இல்லையா" என்றார்.

நேர்வழி இல்லையென்றால் சூழ்ச்சிதான். நெவில் மூன்று இரவு யோசித்துத் தோர்ன்பெக் கோட்டையைக் கண்டுபிடித்தார். அந்தக் கோட்டையின் சிறப்பு, அதன் வாசலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் 'கறுப்பு ஆடு' என்ற மதுக்கடை. அந்தக் கடையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி.

"லோர்னா கண்ணு, இந்த வருஷம் தோர்ன்பெக் போவோமா?"

லோர்னா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை இறக்கி வைத்தார். "நீயா கேக்குற?"

"ஏன், நான் கேக்கக் கூடாதா?"

"முப்பது வருஷமா கார் பார்க்கிங் தாண்டாத ஆளு."

"அதான் இந்த வருஷம் தாண்டலாம்னு பார்க்கிறேன். வயசாகுதில்ல. வரலாறு மேல ஒரு இது வருது."

"எது வருது?"

"ஆர்வம்."

"எப்போலேருந்து?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து."

"வரலாறுன்னா அதுல எது புடிச்சிருக்கு உனக்கு?"

நெவில் இதை எதிர்பார்க்கவில்லை. "அகழி" என்றார்.

"அகழியா?"

"ஆமா. கோட்டையைச் சுத்தித் தண்ணி. யாருக்குத் தோணும் சொல்லு! எனக்கு அதை நினைச்சாத் தூக்கம் வர மாட்டேங்குது."

லோர்னா அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "சரி கண்ணு. உன் இஷ்டப்படியே போவோம்" என்று ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டார். "அந்தச் சிரிப்பை நான் அன்புன்னு நினைச்சுட்டேன்" என்றார் நெவில்.

திட்டம் எளிமையானது. உள்ளே போக வேண்டியது. சுற்றிக் காட்டும் குழுவில் லோர்னாவைச் சேர்த்துவிட வேண்டியது. "முட்டி வலிக்குது கண்ணு, நான் இந்த பெஞ்சில உக்காந்திருக்கேன், நீ போய்ட்டு வா" என்று சொல்ல வேண்டியது. அவர் தலை மறைந்ததும் சாலையைக் கடக்க வேண்டியது. போட்டி முடிந்ததும் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவ வேண்டியது. இதற்காக வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் நொண்டி ஒத்திகை பார்த்தார். நான்கூட மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மழை இல்லை. அதுவே கெட்ட சகுனம் என்றார் நெவில். கோட்டை முற்றத்தில், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், குழு ஒன்று கூடியிருந்தது. சுற்றிக் காட்டுபவர் மிஸஸ் டன்ஸ்டன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். சம்பளம் வாங்காமல், விருப்பத்துக்காக அங்கே வருகிறவர். அப்படிப்பட்டவர்களிடமிருந்து தப்பிப்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நெவில் சாண்ட்விச் பையைக் காரில் வைத்துவிட்டு வந்தபோது, லோர்னா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலணியைக் கழற்றியிருந்தார்.

நெவில் வாயைத் திறந்தார். "கண்ணு, என் முட்..."

"ஐயோ நெவில், புது ஷூ கடிச்சிடுச்சு. என்னால ஒரு படி ஏற முடியாது."

"அப்ப... அப்ப நானும் உன்கூட உக்காந்துக்கறேன்."

"அகழிக்காகத் தூக்கம் இல்லாம கிடந்தியே! என்னால நீ அதை விடணுமா? என் பொறந்தநாள் அதுவுமா எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். போய்ட்டு வா."

"இல்ல லோர்னா, எனக்கும் முட்டி..."

"வாங்க சார், வாங்க!" என்று மிஸஸ் டன்ஸ்டன் கையைப் பிடித்துவிட்டார். "முன்னாடி வாங்க. உங்களை மாதிரி ஆர்வமானவங்க பின்னாடி நிக்கக் கூடாது."

பெரிய கதவு வழியாகக் குழு உள்ளே போனது. கோபுரத்துக் கடிகாரம் மூன்று அடித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே? முடியாது. ஒருவர் நமக்காகச் சிரமப்பட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் கழன்றுகொள்வதை நாங்கள் செய்வதில்லை. கோட்டை தீப்பிடித்தாலும், அவர் அந்த வாக்கியத்தை முடிக்கும்வரை நின்று, கைதட்டி, நன்றி சொல்லிவிட்டு, பிறகு வரிசையாக ஓடுவோம். அதிலும் நெவில் முன்வரிசை.

முதல் அறையில் அடுப்பு. ஒரு முழு மாட்டை வாட்டுகிற அடுப்பு. மிஸஸ் டன்ஸ்டன் அந்த மாட்டை நிதானமாக வாட்டி முடித்தார். இரண்டாவது அறையில் சுவரில் தொங்கும் சித்திரத் துணி. அதில் இருந்த ஒவ்வொரு முயலுக்கும் ஒரு விளக்கம். நெவில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. பகைவரின் அம்பு நுழையக் கூடாது என்று கட்டிய சுவர், வேறு எதையும் நுழையவிடவில்லை.

நெவில் கை தூக்கினார். "மன்னிக்கணும். கழிவறை எங்கே இருக்கு?"

"பாத்தீங்களா!" என்று மிஸஸ் டன்ஸ்டன் எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். "யாருமே இதைக் கேக்க மாட்டாங்க. கேக்க வெட்கப்படுவாங்க. இந்த சாருக்கு வெட்கமே இல்லை. வாங்க, காட்டறேன்."

அந்தக் காலத்தில் கோட்டைப் பிரபு கழிவறையாக உபயோகித்த கல் துவாரத்தைக் காட்டினார். அதிலிருந்து எல்லாம் நேராக அகழியில் விழும் விதத்தை விளக்கினார். கூட்டம் நெவிலை மரியாதையாகப் பார்த்தது. ஒரு பெரியவர் காதோரம் வந்து, "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

"இல்லம்மா, நான் இப்பவே போகணும்" என்றார் நெவில்.

"தாராளமாப் போங்க சார். அந்தப் பக்கம் புதுசு ஒண்ணு இருக்கு. நாங்க காத்திருக்கோம்."

"வேண்டாம், நீங்க மேல போங்க. நான் எப்படியாவது வந்து சேர்ந்துக்கறேன்."

"சேச்சே, நீங்க இல்லாம எப்படி?"

அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நெவில் கழிவறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒரு சந்து. அம்பு போகும், நெவில் போக முடியாது. அதன் வழியே எதிரே 'கறுப்பு ஆடு' தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அங்கிருந்து பெரிய கூச்சல். யாரோ கோல் போட்டுவிட்டார்கள். ஆனால் யார்? எங்கள் ஊர்க்காரர்கள் கோல் போட்டாலும் ஒரே கத்தல், வாங்கினாலும் ஒரே கத்தல். நெவில் கண்ணைச் சந்தில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். வெளியே அந்தப் பெரியவர் மெதுவாகக் கதவைத் தட்டி, "நிதானமா வாங்க, அவசரமே இல்லை" என்றார்.

அடுத்தது ஆயுதச் சாலை. "இரும்பு வளையச் சட்டையைப் போட்டுப் பாக்க யாருக்கு ஆசை?" என்று கேட்ட மிஸஸ் டன்ஸ்டன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெவிலின் தலை வழியாக அதை இறக்கிவிட்டார். மேலே ஒரு இரும்புத் தலைக்கவசம். அந்தச் சட்டையைத் தனியாளாகக் கழற்ற முடியாது. குனிந்து நிற்க, இன்னொருவர் உருவ வேண்டும். தலைக்கவசத்துக்குள் எதுவும் கேட்கவில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. அது அழுகை மாதிரி இருந்தது என்றார் நெவில். கூட்டம் புகைப்படம் எடுத்த பிறகுதான் அதை உருவிவிட்டது.

பாதாளச் சிறை, குதிரை லாயம், புறாக்கூண்டு. கடைசியில் அகழி. அதில் தண்ணீரே இல்லை. புல்தான். நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கும் ஒரு வரலாறு இருந்தது.

எல்லாம் முடிந்து, கைதட்டி, நன்றி சொல்லி, இரண்டாம் முறை நன்றி சொல்லி நெவில் முற்றத்துக்கு ஓடிவந்தபோது மணி ஐந்தே கால். முட்டி நிஜமாகவே வலித்தது. பெஞ்சில் லோர்னா இல்லை. காரிலும் இல்லை. நெவில் சாலையைக் கடந்து 'கறுப்பு ஆடு' கதவைத் திறந்தார். டிவியில் பூனை உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்கு நேர் எதிரே, கடையிலேயே நல்ல இடத்தில், லோர்னா. கையில் ஆப்பிள் சாராயம். சுற்றிலும் மொட்டர்ஷா ரசிகர்கள் அவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வா கண்ணு! அகழி எப்படி?"

"லோர்னா... நீ இங்க..."

"கால் வலிச்சுதா, உக்காரலாம்னு வந்தேன். இவங்க எடம் குடுத்தாங்க. என்னவோ ஆட்டம் ஓடிட்டிருந்தது."

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு. மூணுக்கு ரெண்டு. கடைசி நிமிஷத்துல நம்ம இடது பக்கத்துப் பையன் ரெண்டு பேரைத் தாண்டி உள்ள வெட்டி, தூரத்துக் கோல் கம்பத்தை ஒட்டி உள்ள வளைச்சு அடிச்சான் பாரு! நெவில், அப்படி ஒண்ணு இனிமே உன் ஆயுசுல வராது."

நெவில் உட்கார்ந்தார். "உனக்கு ஃபுட்பால் தெரியுமா?"

"முப்பது வருஷமா நீ டிவி முன்னாடி கத்தும்போது பக்கத்துல உக்காந்து யாரு பின்னிட்டிருந்தா? கைதானே பின்னிச்சு. கண்ணு சும்மாதானே இருந்தது."

"சொல்லவே இல்லையே!"

"நீ மட்டும் சொன்னியா? மேட்ச் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வீட்டுலயே கேக் வெட்டி ரெண்டு பேரும் சேந்து பாத்திருக்கலாம். உனக்குத்தான் அகழி மேல ஆசை வந்துடுச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் லோர்னா மூன்று கோல்களையும் விவரித்தார். நெவில் வண்டி ஓட்டினார். நடுவில் ஒரு முறை, ஆஃப்சைட் விதியை லோர்னா அவருக்கு விளக்கினாராம்.

போன மாதம் நானும் தோர்ன்பெக் போனேன். நெவில் சொன்னதில் அந்த இரண்டே கால் மணி நேரம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஏனென்றால் மிஸஸ் டன்ஸ்டன் எங்களை அரை மணியில் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டார். அவரிடமே கேட்டேன். அன்று மட்டும்தான் அப்படி, ஓர் அம்மாவின் பிறந்தநாள் வேண்டுகோள் என்றார். சுற்றிக் காட்டத் தொடங்குவதற்கு முன்னால் அந்த அம்மா தனியாக வந்து சொன்னாராம்: "என் வீட்டுக்காரருக்குக் கோட்டைன்னா உயிரு. ஆனா ரொம்பக் கூச்சப்படுவார். நடுவுல போகணும்னு சொல்வார், விட்டுடாதீங்க."